பிரிந்து சென்ற கணவனின் கடன்

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிவுற்று, முகாம்களில் அடைபட்டிருந்த மக்கள் படிப்படியாக முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமங்களில் மீளக்குடியேறியபோது, கூரையும் வலையும் கலப்பையும் எதுவுமின்றி வாழ்வைப் புதிதாகத் தொடங்க நிர்ப்பந்திக்கப்பட்ட அக்குடும்பங்களின் வாசல்களுக்கு, வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆண்களுக்கு உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் தவணைக்குக் கிடைத்தன. பெண்களுக்கோ, ஒருத்திக்கு மற்றொருத்தி பிணை நிற்கும் குழுக்கடன் கிடைத்தது. புருஷனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்து உழைத்து அடைப்பார்கள் என்ற நம்பிக்கையில் வாங்கப்பட்ட இக்கடன்கள், அந்தக் கூரையின் கீழிருந்து ஒருவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொடுத்தவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் எண்ணவில்லை.

தாம்பத்தியம் முறிந்து, விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தவணைக்குத் தவணை நகரும் காலத்தில், கணவன் வாங்கிய கடனைக் கேட்டு லோன்காரர் மனைவியின் படலையைத் திறந்துகொண்டு வரும்போது, அந்தப் பெண் அறிந்திருக்க வேண்டிய முதல் உண்மை இதுதான்: மனைவி என்ற ஒரே காரணத்துக்காக, கணவன் தனியே கையொப்பமிட்டு வாங்கிய கடனுக்கு அவள் கடனாளியாகிவிடுவதில்லை. கையொப்பம் எவருடையதோ, பொறுப்பும் அவருடையது. அதேவேளை, அவளே பிணையாளியாகவோ இணைக் கடனாளியாகவோ கையொப்பமிட்டிருந்தால், பிரிவும் வழக்கும் ஏன், விவாகரத்துத் தீர்ப்புங்கூட அந்தக் கையொப்பத்தை அழிப்பதில்லை. கணவன்தான் கடனை அடைக்க வேண்டும் என்று தம்பதிகள் தமக்குள் உடன்படிக்கை செய்து அதை நீதிமன்றத்தில் பதிந்துகொண்டாலும், அவ்வழக்கில் கட்சிக்காரராக இல்லாத கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது.

ஆகவே, பிரிவு நிச்சயமானவுடன் செய்யவேண்டிய முதற்காரியம், எந்தெந்தப் பத்திரத்தில் தன் கையொப்பம் இருக்கிறது என்று அறிவதாகும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் கடன் தகவல் பணியகத்திடமிருந்து ஒருவர் தமது கடன் அறிக்கையைத் தாமே பெற்றுக்கொள்ளலாம். பிணை நின்ற கடன்களும் அதில் காணப்படும் என்பதால், மறந்துபோன கையொப்பம் ஒன்று அங்கே வெளிப்படக்கூடும். பின்னர் சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கு, நாங்கள் பிரிந்து வாழ்கிறோம், இனி என் சம்மதமின்றி இக்கணக்கில் மேலதிகக் கடன் வழங்க வேண்டாம் என்று பதிவுத் தபாலில் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்வது நல்லது. பழைய கடன் இதனால் நீங்கிவிடாது. புதிய கடன் ஏறாமல் தடுப்பதற்கு எழுத்து வேண்டும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலுவை கேட்டு வருபவர், சாட்சிக்காக மட்டும் என்றோ, தவணையை மாற்றித் தருவதற்கு என்றோ ஒரு தாளை நீட்டினால், சட்டத்தரணி ஒருவர் வாசித்துப் பார்க்குமுன் அதில் ஒப்பமிடலாகாது. நேற்றுவரை கணவனுடையதாக மட்டும் இருந்த கடன் அந்த ஒரு தாளினால் அவளுடையதாகவும் ஆகிவிடலாம்.

காணியின் கதை வேறு. வட மாகாணத்தை நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்ட தமிழருக்குரிய தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஈசாக் என்ற அதிகாரியால் 1707இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806இல் சட்டமாக அங்கீகரிக்கப்பட்டது. அதைத் திருத்தி எழுந்த 1911ஆம் ஆண்டின் விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனைவியின் தனிச் சொத்து கணவனுடைய கடன்களுக்குப் பொறுப்பாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. சீதனமாக வந்த வயலும் தாய்வழி வந்த வளவும் அவளுடையவை. புருஷனின் லீசிங் நிலுவைக்காக அவற்றில் எவரும் கை வைக்க முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: அந்தச் சொத்தின் பயிர்ச்செய்கைக்கும் பராமரிப்புக்கும் திருத்தத்துக்கும் அதன் மீதான வரிக்குமாகக் கணவன் பட்ட கடனுக்கு அச்சொத்தே பதில் சொல்ல வேண்டும். சீதன வயலில் விதைக்க வாங்கிய பயிர்க்கடன் என்றால், அது யாருக்காக வாங்கப்பட்டது என்ற கேள்வி எழவே செய்யும். விவாகத்தின் பின் விலைகொடுத்து வாங்கிய தேடிய தேட்டத்தைப் பற்றி வழக்குத் தீர்ப்புகள் பல உள்ளமையால், உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் செல்வதே வழி.

ஆனால், சொத்தைக் காக்கும் அதே 6ஆம் பிரிவுதான் வேறொரு பக்கத்தில் அவளைக் கட்டியும் வைக்கிறது. அசையும் பொருளை அவள் தன்னிச்சையாக விற்கலாம்; அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கிழமைதோறும் காசு கட்டவேண்டிய குழுக்கடனுக்கு ஒரு பெண்ணின் கையொப்பமே போதும் என்று கொண்ட இவ்வுலகம், அந்தக் கடனை அடைப்பதற்காகத் தன் தாய் தந்த காணியில் இரண்டு பரப்பை விற்க அவள் முற்படும்போது மட்டும், எங்கே இருக்கிறான் என்றே தெரியாத மனிதனின் ஒப்பத்தைக் கொண்டுவரச் சொல்கிறது. இந்த அநீதி நூறு ஆண்டுகளைக் கடந்தும் திருத்தப்படாமல் இருப்பதை எண்ணும்போது மனம் கொதிக்கிறது. எனினும் அச்சட்டமே 8ஆம் பிரிவில் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது: கணவன் அவளைக் கைவிட்டிருந்தாலும், பரஸ்பர சம்மதத்தால் பிரிந்திருந்தாலும், அவன் இருப்பிடம் அறியப்படாவிட்டாலும், நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலும், மனைவி பிள்ளைகளின் நலனுக்கு அவசியமானாலும், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். அனுமதி கிடைக்குமுன் உறுதி எழுதுவது வீண்; வாங்கியவரும் பின்னர் வழக்காடுவார். முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரத்தின் பேரில் வைத்திருக்கும் காணியோ, சொந்த நிலத்தைப் போல விற்கத்தக்கதன்று.

குழுக்கடனின் கொடுமை நாடறிந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் யுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, நுண்கடனின் உண்மையான வட்டி சில இடங்களில் ஆண்டுக்கு 220 சதவீதம் வரை எட்டுவதையும், வசூலிப்போர் பெண்களை இழிவுபடுத்துவதையும் பகிரங்கமாக எடுத்துரைத்தார். அதே ஆண்டில் நிதியமைச்சராயிருந்த மங்கள சமரவீர, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்படாத, மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவும், வட்டியை 35 சதவீதத்துக்குள் அடக்கவும் ஏற்பாடு செய்தார். கணவன் செலவழிப்பதற்காக மனைவியின் பெயரில் எடுக்கப்பட்ட கடன்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. காசு யார் கையில் போனது என்பதைக் கடன் பத்திரம் சொல்வதில்லை என்பதே அங்குள்ள துயரம்.

வழக்கு முடியும்வரை ஜீவனத்துக்கு என்ன செய்வது? 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ், வசதியிருந்தும் பராமரிக்க மறுக்கும் கணவனுக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் தனக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தத் தாபரிப்புக் கோரலாம். அவன் சம்பளம் பெறுபவனாயின் அதிலிருந்தே பிடித்துத் தரவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். இங்கே கவனம் வேண்டும்: பரஸ்பர சம்மதத்தால் பிரிந்து வாழ்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால், காணியை விற்கும் அனுமதிக்கு அது உதவினாலும், மனைவிக்குரிய தாபரிப்பை அதுவே தடுத்துவிடும், பிள்ளைகளின் உரிமையை மட்டும் அது தொடாது. கைவிடப்பட்டவள், கைவிடப்பட்டாள் என்றே எழுத வேண்டும். விவாகரத்து வழக்கிலும் தீர்ப்புக்கு முன்னரே இடைக்காலத் தாபரிப்பைக் கோரலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மின்கட்டணம் போன்றவற்றில் சட்டத்தை விடத் தேவையே முந்தி நிற்கிறது. கணக்கு கணவன் பெயரில் இருந்தாலும், நிலுவை ஏறி இணைப்புத் துண்டிக்கப்பட்டால் இருட்டில் படிக்கப் போவது பிள்ளைகள். ஆதலால் அதைக் கட்டுவதே நலம். தாபரிப்பு விசாரணையில் வீட்டுச் செலவின் அத்தாட்சியாக அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டலாம். கணவனின் கடனுக்குப் பிணையாளி என்ற முறையில் அவள் கட்டும் தவணைகளுக்கும் இது பொருந்தும்: பிணையாளி செலுத்திய தொகையைக் கடனாளியிடமிருந்து திரும்பக் கோரும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் பணம் செலுத்தியவர் பெயர் என்ற இடத்தில் கணவனின் பெயரை எழுதி வாங்கும் பற்றுச்சீட்டு, நாளை அவன் தானே கட்டியதாகச் சொல்வதற்கு உதவும். ஒவ்வொரு முறையும் தன் பெயரிலேயே பற்றுச்சீட்டை எழுதுவித்து, திகதிவாரியாக அடுக்கி வைத்து, சொத்துப் பங்கீடு பேசப்படும் நாளில் அவற்றைச் சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டும்.