கண்ணாடிக் கூண்டில் இரண்டு நொடி

பையை நகரும் பட்டையில் வைத்தாயிற்று. பெல்ட், பர்ஸ், செல்போன் எல்லாம் தட்டில். அடுத்து கண்ணாடிக் கூண்டு. தரையில் வரைந்திருக்கும் பாதச் சுவட்டின் மேல் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால், தூண் போன்ற இரண்டு ஆன்டெனாக்கள் ஆளைச் சுற்றி ஒரு வீச்சு வந்து போகும். எல்லாம் இரண்டு நொடி வேலை. ஆனால் வயிற்றில் குழந்தையோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு நொடி பெரிது. "இதுல எக்ஸ்ரே வருமா?" என்று அவர் கேட்பதில் தவறே இல்லை.

வராது. ஆனால் அந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததும் அல்ல. எக்ஸ்ரே வந்த காலம் ஒன்று இருந்தது.

2009 கிறிஸ்துமஸ் அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடைக்குள் மறைத்து வந்த வெடிமருந்தை வெடிக்க முயன்றார். அதில் உலோகம் இல்லை. மெட்டல் டிடெக்டரால் பிடித்திருக்க முடியாது. அமெரிக்கா அவசரமாக முழு உடல் ஸ்கேனர்களை நிறுவியது. அவற்றில் இரண்டு ரகம் இருந்தன. ஒன்று மில்லிமீட்டர் அலை. மற்றொன்று, உடலில் பட்டுத் திரும்பும் எக்ஸ்ரே கதிர்களை வைத்துப் படம் வரைவது.

அந்த எக்ஸ்ரே மிகக் குறைவுதான். ஒரு முறை நின்றால் உடலுக்குக் கிடைப்பது சுமார் 0.1 மைக்ரோசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு ஈடாக ஏறத்தாழ 1,000 தடவை நிற்க வேண்டும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தாலே விண்வெளிக் கதிர்களால் 30 முதல் 40 மைக்ரோசீவர்ட் சேர்ந்துவிடும். தரையிலும் கதிர்வீச்சு உண்டு. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தால், அங்கே இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியை விட அதிகம்.

அப்படியிருந்தும் 2010-இல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் நால்வர் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்கள். இந்தக் கதிர்களின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. அதை முழு உடலுக்கும் பரப்பிக் கணக்கிட்டால் தோலுக்குச் சேரும் அளவு குறைவாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது அரசு. பின்னாளில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகளின் ஆய்வும் அதையே சொன்னது. ஆனாலும் அந்த நால்வர் கேட்டது நியாயமான கேள்வி. மருத்துவத்தில் எக்ஸ்ரே எடுத்தால் நோயாளிக்குப் பலன் உண்டு; பயணிக்கு என்ன பலன்? எக்ஸ்ரே இல்லாமலே அதே வேலையைச் செய்யும் கருவி பக்கத்திலேயே இருக்கும்போது, கோடிக்கணக்கானவர்கள் மீது துளி எக்ஸ்ரேகூடப் பாய்ச்சத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011 நவம்பரில் எடுத்த முடிவும் அதுதான்: எக்ஸ்ரே ஸ்கேனர் வேண்டாம்.

அமெரிக்காவில் அவை வெளியேறியதற்குக் காரணம் கதிர்வீச்சு அல்ல, மானம். உடலை நிர்வாணமாகக் காட்டும் படத்துக்குப் பதில் பொதுவான மனித உருவம் மட்டுமே திரையில் தெரிய வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. எக்ஸ்ரே ரகத்துக்கு அந்த மென்பொருள் உரிய காலத்தில் வரவில்லை. 2013 மே மாதத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

மிஞ்சியது மில்லிமீட்டர் அலை. இது வானொலி, வைஃபை, செல்போன் குடும்பத்தைச் சேர்ந்தது. துணியைக் கடந்து, தோலில் பட்டுத் திரும்பும். உள்ளுறுப்புகள் வரை போகாது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் வலு அதற்கில்லை; அதனால் எக்ஸ்ரே போல மரபணுவைச் சிதைக்க வழியில்லை. கூண்டு வெளியிடும் அலையின் வலிமையும் காதருகே வைக்கும் செல்போனுடையதைவிடப் பல மடங்கு குறைவு. திரையில் தெரிவது ஒரு கோட்டுருவம். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் ஒரு சிறு கட்டம். வியர்வையும் துணி மடிப்பும்கூடச் சில சமயம் அந்தக் கட்டத்தைக் கொண்டுவந்துவிடும்.

இந்திய விமான நிலையங்களுக்கும் 2019-இல் விமானப் பாதுகாப்புப் பணியகம் பரிந்துரைத்தது இந்த மில்லிமீட்டர் அலை ரகத்தைத்தான்.

எனவே கர்ப்பிணிகள் தயங்காமல் உள்ளே போகலாம். உடலில் இன்சுலின் பம்ப் பொருத்தியிருப்பவர்கள் மட்டும், கருவியோடு வந்த கையேட்டைப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் சரி, பம்ப் இருந்தாலும் சரி, வரிசையில் நிற்கும்போதே பாதுகாப்பு வீரரிடம் சொல்லி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.