மலடி என்னும் சொல்

சூரியன் படுகின்ற திசையில் இருப்பதால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். சென்ற மார்கழியில் அங்கே ஒரு வயல் வரம்பில் நின்றிருந்தேன். இளைஞர் ஒருவர், மேனியிற் சட்டையின்றி, முதுகிற் சுமந்த தாங்கியிலிருந்து கிருமிநாசினி தெளித்துக்கொண்டிருந்தார். மூடியோரமாகக் கசிந்த மருந்து அவருடைய சாரத்தை நனைத்திருந்தது.

மணமாகி ஆறாண்டுகள், பிள்ளையில்லை. மனைவி கண்ணகி அம்மன் கோவிலில் தொட்டில் கட்டியிருக்கிறாள். வைத்தியரிடம் சென்றவளும் அவளே. ஊரார் அவளுக்கு இட்ட பெயரே இக்கட்டுரையின் தலைப்பு.

“தம்பி, நீர் உம்மைச் சோதித்துப் பார்த்தீரா?” என்றேன்.

“எனக்கென்ன ஐயா குறை? நாள் முழுக்க மருந்தடிக்கிறன்!” என்று சிரித்தார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாத்ரப் என்னும் ஊரின் இரசாயனத் தொழிற்சாலையில் உழைத்தவர்களும் இத்தகைய திடகாத்திரர்களே. பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் நஞ்சை அவர்கள் கையாண்டனர். தம்மில் பலருக்குப் பிள்ளைப்பேறு இல்லையென்பதைத் தமக்குள் பேசியே உணர்ந்தனர். 1977இல் சோதித்தபோது பலரிடம் விந்தணு குறைந்திருந்தது. சிலரிடம் அறவே இல்லை. அந்நஞ்சு எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்வதை ஆய்வாளர் 1961இலேயே எழுதியிருந்தனர். பதினாறு ஆண்டுகள் அந்த எச்சரிக்கை ஏட்டிலேயே உறங்கிற்று. வேலையை விட்டபின் சிலர் தேறினர். நெடுங்காலம் உழைத்த வேறு சிலர் தேறவேயில்லை.

இத்தம்பி தெளித்த மருந்து அதுவன்று. அவருக்குப் பிள்ளையில்லாமைக்கு மருந்தே காரணமென்று தீர்ப்புக் கூறவும் நான் துணியேன். ஆனால், சோதியாமலே அவர் மனைவிமீது தீர்ப்புக் கூற ஊராருக்கு மட்டும் உரிமை ஏது? பிள்ளையில்லாத் தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து ஆணின் குறையும் பங்குகொள்கிறது. தோள்வலிமை அதற்குச் சான்றாகாது.

விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் செல்லும். ஆதலால் வைத்தியரிடம் போகும் உழவர், அண்மையில் எந்த மருந்தை எத்தனை நாள் தெளித்தார் என்பதையும் சொல்லவேண்டும். கசியும் தாங்கியைத் திருத்துவதும், உடலை மூடித் தெளிப்பதும், நனைந்த துணியை உடனே களைந்து சவர்க்காரமிட்டுக் குளிப்பதும் அரிய செயல்கள் அல்ல.

இவற்றைச் சொன்னபோது தம்பியின் சிரிப்பு மறைந்தது. தாங்கியை இறக்கிவைத்தார். “அவளையும் கூட்டிக்கொண்டு போகவா, ஐயா?” என்று கேட்டார். “இருவருமே போங்கள்” என்றேன்.