வழி மறித்த வேலியும் வழக்கும்

அறுவடை முடிந்து நெல் மூட்டைகளுடன் திரும்பும் வண்டி, வழக்கமாகச் செல்லும் தடத்தில் புதிதாய் நட்ட முள்வேலியைக் கண்டு நின்றுவிடுகிறது. “இது என் பட்டா நிலம்” என்கிறார் முன்நிலத்தார். “என் தகப்பனார் காலந்தொட்டு இதுவே எங்கள் வழி” என்கிறார் பின்நிலத்தார். நெசவாளர் வீட்டின் பின்கட்டுக்குச் செல்லும் சந்திலும் இத்தகைய பூசல் எழுவதுண்டு. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். ஒருவருடைய நிலத்தின் மீது மற்றொருவருக்கு வழிப் பாத்தியம் இருத்தல் கூடும் என்பதை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இப்பாத்தியம் பெரும்பாலும் மூன்று வகையில் உண்டாகிறது. முதலாவது, கிரயப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ எழுதிப் பெறுவது. இதுவே உறுதியானது.

இரண்டாவது, அவசியத்தால் விளைவது. ஒரே நிலம் பிரிக்கப்பட்டு, பின்பகுதிக்கு வேறு வழியே இல்லாமற் போனால், முன்பகுதியின் வழியே செல்லும் உரிமை அதற்கு உண்டு. வழியை எங்கே விடுவது என்பதை முன்பகுதிக்காரர் தீர்மானிக்கலாம். ஆயினும் அது தக்க வசதியுடையதாக இருத்தல் வேண்டும். பிற்காலத்தில் வேறு பாதை கிடைத்து அவசியம் நீங்கினால், இவ்வுரிமையும் நீங்கும்.

மூன்றாவது, அனுபவத்தால் வருவது. 20 ஆண்டுகள் இடையறாமல், அமைதியாக, வெளிப்படையாக, உரிமையெனக் கருதியே ஒரு வழியை அனுபவித்திருக்க வேண்டும். அரசாங்க நிலமாயின் 30 ஆண்டுகள். அயலாரின் அனுமதி பெற்று நடந்தவருக்கு, எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் இவ்வகை உரிமை பிறவாது. பல வழக்குகள் இந்த ஒரு கேள்வியிலேயே நிற்கின்றன அல்லது வீழ்கின்றன.

வேலி போடப்பட்ட அன்று அங்கத்தினர் செய்யத்தகாதவை இரண்டு. ஒன்று, அரிவாளை எடுத்து வேலியைத் தாமே வெட்டுவது. உரிமை உடையவராயினும், தடையைத் தம் கையால் அகற்றச் சட்டம் இடந்தரவில்லை. மற்றொன்று, “போகட்டும், பார்ப்போம்” என்று வாளாவிருப்பது. தடையை அறிந்தும் ஓராண்டு அதற்கு இணங்கியிருந்தால், அனுபவம் இடையறுந்ததாகக் கருதப்படும். வழக்குத் தொடுப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும் 20 ஆண்டு அனுபவமே கணக்கில் கொள்ளப்படும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே, உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவியுங்கள். பத்திரங்களையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். அது அரசுப் பாதையெனக் குறிக்கப்பட்டிருந்தால் வட்டாட்சியரிடம் முறையிடுங்கள். தனியார் நிலமாயின், உரிமையியல் நீதிமன்றத்தில் தாவா தொடுத்து உறுத்துக் கட்டளை கோரலாம். தடத்தை நேரிற் பார்த்து அறிக்கை தர ஆணையரை நியமிக்குமாறும் கேட்கலாம்.

இருவரும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்திலும் தீர்வு காணலாம். அங்கே செய்துகொள்ளும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன் மேல் முறையீடு இல்லை. நிலுவை வழக்கில் செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி, ஒரே சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் இருவர், தீர்ப்புக்குப் பின்னரும் அண்டை வீட்டாரே.

எல்லாவற்றினும் மேலானது முன்யோசனை. நிலம் வாங்கும்போதும், சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போதும், வழியின் அகலம், போக்கு, வண்டி செல்லும் உரிமை ஆகியவற்றைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அன்று எழுதும் நான்கு வரிகள் பிள்ளைகளின் காலத்து வழக்கைத் தடுக்கும்.