நாவல் மரத்தின் நற்பயன்கள்

ஆனி, ஆடி மாதங்களில் அஸ்தினாபுரத்தில் நாவல் மரம் எங்கே இருக்கிறதென்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. மரத்தடி மண் கருநீலமாகக் கிடக்கும். பள்ளி விட்டு வீடு திரும்பும் எங்கள் நாவும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்! ஔவைப் பாட்டி மண் போக ஊதி, முருகனிடம் தோற்றுப்போன பழம் இதுதான் என்பதை அறியாத தமிழ்க் குழந்தை உண்டோ?

கனியாக மட்டுமன்றி மருந்தாகவும் இம்மரம் நம் முன்னோருக்கு உதவியது. பட்டையைக் கஷாயமாக்கி வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பர். வயிற்றுப்போக்கிற்கும் சீதபேதிக்கும் குடிக்கக் கொடுப்பர். இளந்தளிரின் சாறும் வயிற்றுப்போக்கிற்குப் பயன்பட்டது.

இதன் காரணம் என்ன? பட்டையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள் டானின். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலையில் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிட்டனர். அம்முறை வருமுன், ஆவாரம்பட்டை போன்றவற்றிலுள்ள டானினே அவ்வேலையைச் செய்தது. டானின் புரதத்துடன் சேர்ந்து தசையை இறுகச் செய்யும். கொப்பளித்தவுடன் வாய் சுருங்குவது போலத் தோன்றுவது இதனால்தான்.

கொட்டையின் பெருமை தனி. அதைக் கழுவி, உலர்த்தி, இடித்துச் சலித்த தூள் நீரிழிவுக்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களும் இதைப் பயன்படுத்தினர். அப்போது இன்சுலின் கண்டறியப்படவில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், எங்கள் வயதையொத்த 14 வயதுச் சிறுவன் லியனார்ட் தாம்சனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது.

1998-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவுள்ள எலிகளுக்கு நாவற்கொட்டைச் சாரம் கொடுத்தபோது இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததென வெளியிட்டனர். ஆனால் பிரேசில் நாட்டில் நோயாளிகளுக்கு நாவல் இலைத் தேநீர் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் அப்படியே பலிக்குமென்று சொல்லிவிட முடியாது. கொட்டையின் குணம் இலைக்கும் இருக்குமென்றும் கொள்ள முடியாது.

இதை நாங்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி, யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டு, நாவற்கொட்டைத் தூளை மட்டும் உண்டு வந்தார். சில வாரங்களில் காலில் சிறு புண் தோன்றியது. அது ஆறவேயில்லை. இறுதியில் ஒரு விரலையே எடுக்க நேர்ந்தது. குற்றம் நாவல் மரத்தினுடையதா? மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தியதே தவறு. மாத்திரையோடு இத்தூளையும் தாமாகவே சேர்த்து உண்பதும் நல்லதன்று. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம் வரலாம்.

முறையாக அறிய விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டாம். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் நம் தாம்பரம் சானடோரியத்திலேயே இயங்கி வருகிறது. அங்குள்ள மருத்துவரிடம், உண்டு வரும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லி ஆலோசனை பெறலாம்.

தோழியின் பாட்டி இன்றும் நாவற்பழம் கண்டால் நான்கைந்து கேட்டு வாங்கி, உப்புத் தொட்டு உண்கிறார். மாத்திரை வேளையை மட்டும் மறப்பதில்லை. அதை நினைவூட்டுவது பேத்தியின் பொறுப்பு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாமும் இதைச் செய்யலாமே!