'வல்கர்' யாருடைய சொல்?



அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எது கலை என்று அரசே முத்திரை குத்திக் கொடுக்கிறது. எது கொச்சை என்று முத்திரை குத்துவது யார்? இதை ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ரசனை கெட்டதை, நாகரிகமற்றதை ஆங்கிலத்தில் 'வல்கர்' என்கிறார்கள். நம் வீடுகளிலும் இப்போது புழங்குகிற சொல்தான். இதன் வேர் லத்தீனில் 'வல்கஸ்'. அதற்குப் பொருள் பொதுமக்கள், கூட்டம். அவ்வளவுதான், வசை எதுவும் அதில் இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் லத்தீனில் பெயர்த்த விவிலியத்துக்கு 'வல்கேட்' என்றே பெயர் நிலைத்தது. பழைய கணக்குப் புத்தகத்தில் சாதாரணப் பின்னத்தை 'வல்கர் ஃபிராக்ஷன்' என்றிருப்பார்கள்; முக்கால், அரைக்கால் எல்லாம் அசிங்கம் என்று யாரும் முகம் சுளித்ததில்லை! பதினேழாம் நூற்றாண்டு வாக்கில்தான் 'மக்களுடையது' என்பது 'மட்டமானது' என்று பொருள் மாறுகிறது.

இது தனிச்சம்பவம் அல்ல. பகட்டான மலிவுப் பொருளைக் குறிக்கும் 'டாட்ரி', ஈலி என்ற ஊரில் செயின்ட் ஆட்ரி பெயரால் நடந்த சந்தையில் விற்ற கழுத்துப்பட்டையிலிருந்து வந்தது. 'டாக்கி' அமெரிக்கத் தெற்கில் மட்டக்குதிரைக்கும், பிறகு ஏழை வெள்ளையருக்கும் வழங்கிய பெயர். ரசனையைத் திட்டப் போனவர்கள் கடைசியில் ஆளைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

தமிழுக்கு வருவோம். நமக்கு நேரான சொல் 'சேரி'. சேர்ந்து வாழும் இடம் என்பதே பொருள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்தப் பிராமண ஊரில் 30 குடும்புகள், 12 சேரிகள். ஆம், சேரிகள். சபை வாரியத்துக்கு ஆள் எடுத்ததே அந்தச் சேரிகளிலிருந்துதான். இதைப் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் குடியிருந்த தளிச்சேரி உண்டு. கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரியும் உண்டு. பிறகு மற்றவர்கள் அந்தச் சொல்லைவிட்டு வெளியேறி, தங்கள் தெருவுக்கு 'ஊர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சேரி நம் தலையில் மட்டும் நின்றது.

தொல்காப்பியம் சேரி மொழியை இகழவில்லை. தேடிப் பொருள் காண வேண்டாதபடி சேரி மொழியில் அமைந்த செய்யுளுக்குப் 'புலன்' என்று பெயரிட்டு, இலக்கிய வனப்புகளில் ஒன்றாக எண்ணுகிறது. ஆனால் அதே மரபில் 'இழிசனர் வழக்கு' என்றொரு தொடரும் புழங்கிற்று. சொல்லில் என்ன இழிவு? பேசிய வாய்தான் கணக்கு. சோறு நல்ல பழந்தமிழ்ச் சொல். சாதம் வடமொழி வழி வந்தது. பந்தியில் எது மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் பேச்சுமொழியைக் கொச்சை என்றவர்கள் உண்டு. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இன்று அது பல்கலைக்கழகப் பாடம். புத்தகத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.