கடல்மேல் மிதக்கும் நன்னீர்

(மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. புவியியல்)

நாற்புறமும் கடல், குடிக்க ஒரு குவளை நீர் எங்கே? பசிபிக் பெருங்கடலின் வரைபடத்தில் கிரிபாஸ் நாட்டைத் தேடிக் கண்டபோது என் உள்ளத்தில் எழுந்த முதற்கேள்வி இதுதான். கடலோரச் சிற்றூரில், ஊற்றுநீரைக் குடத்தில் சுமந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

எழுத்தில் 'கிரிபாட்டி' எனக் காணப்பட்டாலும் அம்மக்களின் உச்சரிப்பு 'கிரிபாஸ்' என்பதே. 1979-இல் விடுதலை பெற்ற இந்நாட்டில் 33 தீவுகள் உள்ளன. கில்பர்ட், பீனிக்ஸ், லைன் என்னும் மூன்று கூட்டங்களாக அவை சிதறிக் கிடக்கின்றன. நிலப்பரப்பு ஏறத்தாழ 811 சதுர கிலோமீட்டர். அதற்குரிய கடற்பரப்போ ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர்! பன்னாட்டுத் தேதிக்கோடு நாட்டின் ஊடே சென்றதால் ஒரு பகுதியில் ஞாயிறு என்றால் மறுபகுதியில் திங்களாக இருந்தது. 1995-இல் கோட்டைக் கிழக்கே நகர்த்தி இக்குறையைப் போக்கினர்.

இங்கே ஆறுகள் இல்லை. பனாபா என்னும் தீவு மட்டும் சுமார் 80 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மற்றவை தாழ்ந்த பவளத் தீவுகள். பெரும்பாலான இடங்கள் இரண்டு மூன்று மீட்டர் உயரமே.

இத்தீவுகள் பிறந்த கதை வியப்புக்குரியது. எரிமலைத் தீவொன்று மெல்ல மெல்லக் கடலுள் அமிழ்கிறது. அதன் கரையைச் சுற்றி வாழும் பவள உயிர்கள் ஒளியை நாடி மேல்நோக்கி வளர்கின்றன. இறுதியில் மலை மறைந்து, பவள வளையமும் நடுவே காயலும் எஞ்சுகின்றன. 1842-இல் டார்வின் கூறிய விளக்கம் இது. 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது!

இனி நீருக்கு வருவோம். பவள மணலில் இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1, கடல்நீருக்கு 1.025. ஆகவே கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நிற்க வேண்டும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் கண்ட விதி இது. ஆனால் அலையேற்றத்தால் இரு நீரும் கலப்பதால் பவளத் தீவுகளில் அத்தனை ஆழம் கிடைப்பதில்லை. இந்த மெல்லிய வில்லையை எட்டும்படி குழி வெட்டித்தான் 'பபாய்' என்னும் பெருஞ்சேம்பைப் பயிரிடுகின்றனர்.

ஆபத்தும் இவ்விதியிலேயே அடங்கியுள்ளது. மேலே சிறிதளவு நீர் குறைந்தாலும் கீழிருந்து உப்பு பன்மடங்கு உயரும். மழை பொய்த்தாலும், மிகுதியாக இறைத்தாலும், உயரும் கடல் கரைதாண்டிப் புகுந்தாலும் கிணறு கெடும். தீவு மூழ்கிவிடும் என்றே பலரும் பேசுகிறோம். மூழ்குமுன்னே அது தாகத்தால் வாடக்கூடும் என்பதை எண்ணுகிறோமா?

இதைப் படித்த நாளில் என் தாயின் நினைவு வந்தது. பள்ளி வாயிலையே மிதிக்காதவர் அவர். மணலில் ஊற்றுத் தோண்டும்போது, "ஆழத் தோண்டாதடி, உப்பு ஏறிடும்" என்பார். விதியின் பெயரை நான் கல்லூரியில் கற்றேன்; விதியை அவரிடமே கற்றிருக்கிறேன். விடுமுறையில் கிரிபாஸின் கதையை அவரிடம் சொன்னேன். சிரட்டையால் நீரை வழித்துக்கொண்டே, "ஊற்று உப்பாயிட்டா அந்தச் சனங்க எங்கே போகும்?" என்றார்.

நண்பர்களே, அக்கேள்விக்கு விடை காண்பதும் நம் படிப்பின் கடமை அன்றோ!