அந்தமானும் அமெச்சூர் வானொலியும்

“இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, இன்னும் எதுக்கு சார் இந்த வயர்லெஸ் பெட்டி?” அமெச்சூர் வானொலியைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. இதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளை வைத்துப் பதில் சொல்வதே பொருத்தம் என்று தோன்றுகிறது. விளையாட்டாக வானொலியில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒரே காலைப் பொழுதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது அங்கேதான்.

ஹாம் என்பவர் யார்?

அமெச்சூர் வானொலி நடத்துபவரை உலகெங்கும் ‘ஹாம்’ என்பார்கள். இவர் செய்வது ஆகாசவாணி போன்ற ஒலிபரப்பு அல்ல; ஒரு நிலையத்துக்கும் இன்னொரு நிலையத்துக்கும் இடையே நடக்கும் உரையாடல். பாட்டுப் போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, ரகசியச் சங்கேதத்திலும் பேசக்கூடாது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவருக்குத் தனி அழைப்புக் குறி கிடைக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் எப்படியோ, அப்படி ஹாமுக்கு அழைப்புக் குறி. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இத்தகைய உரிமம் பெற்றவர்; அவருடைய குறி வி.யு.2.ஆர்.ஜி. மனைவி சோனியா காந்தியின் குறி வி.யு.2.எஸ்.ஓ.என். கணவன் மனைவி இருவரும் ஹாமாக இருப்பது உலகெங்கும் காணக்கூடிய ஒன்றுதான்.

இந்தியப் பெருநிலத்து ஹாம்களின் குறிகள் பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். அந்தமான் நிக்கோபாருக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7. பெருநிலத்திலிருந்து கடலால் வெகுதூரம் பிரிந்து கிடப்பதால், ஹாம்களின் உலகக் கணக்கில் இந்த இரு தீவுக்கூட்டங்களும் தனித்தனி ‘நாடுகள்’. அரசியலில் ஒரே இந்தியா. வானலைக் கணக்கில் மூன்று! அந்தக் கணக்கில் உள்ள சுமார் 340 இடங்களையும் தொட்டுவிட வேண்டும் என்பது பல ஹாம்களின் வாழ்நாள் ஆசை. 1987-க்குப் பிறகு 17 ஆண்டுகள் அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்கவேயில்லை. அதனால் உலகிலேயே அதிகம் தேடப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

48 மணி நேரப் போட்டி

ஹாம்களுக்கென்று பல போட்டிகள் உண்டு. அவற்றில் பெரியது ‘சி.க்யூ. வேர்ல்ட் வைடு’. 70 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. குரல் வழிப் போட்டி அக்டோபர் கடைசி வார இறுதியிலும், மோர்ஸ் வழிப் போட்டி நவம்பர் கடைசி வார இறுதியிலும் நடக்கும். கிரீன்விச் நேரப்படி சனிக்கிழமை பிறக்கும்போது தொடக்கம். நமக்கு அது காலை 5.30 மணி. திங்கட்கிழமை காலை 5.30-க்கு முடிவு. மைதானம் வேண்டாம், பயணம் வேண்டாம். அவரவர் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம்.

விதி சுலபம். எதிர்நிலையத்தின் அழைப்புக் குறியைச் சரியாகக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு எண்களைப் பரிமாற வேண்டும். முதலாவது, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. இரண்டாவது, மண்டல எண். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னையும் டில்லியும் 22-ஆவது மண்டலம். அந்தமானோ மியான்மர், தாய்லாந்தோடு சேர்ந்து 26-ஆவது மண்டலம்!

மதிப்பெண் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நம் நிலையம் ஆசியாவில் இருக்கிறது. வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி. ஆசியாவிலேயே வேறு நாட்டோடு பேசினால் 1 புள்ளி. ஐரோப்பாவோடு 400 தொடர்பு, ஜப்பான் முதலிய ஆசிய நாடுகளோடு 300 தொடர்பு என்று வைத்துக்கொண்டால் 1200-உம் 300-உம் சேர்ந்து 1500 புள்ளி. ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை நாடுகள், எத்தனை மண்டலங்கள் கிடைத்தன என்று கூட்டி, அந்தத் தொகையால் இதைப் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 200 என்றால் மொத்தம் 3,00,000. இந்த நிலையில் இன்னொரு ஐரோப்பியரைப் பிடித்தால் 600 கூடும். ஒரு புதிய நாட்டைப் பிடித்தால் பெருக்குத்தொகை 201 ஆகி 1500-க்கும் மேல் கூடும். எனவே வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது. புதியவர்களைத் தேடியும் போக வேண்டும்.

இங்கேதான் இரண்டு பேர் இருந்தால் வசதி. ஒரு தமிழ்த் தம்பதி போர்ட் பிளேரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தங்கள் வீட்டிலிருந்து கலந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மைக்கில் இருப்பார். மற்றவர் பதிவேட்டைச் சரிபார்த்து, எந்த நாடு இன்னும் கிடைக்கவில்லை என்று குறித்துக்கொடுப்பார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். போட்டி தொடங்கும்போது சென்னையில் இன்னும் விடிந்திருக்காது. அந்தமானில் சூரியன் எழுந்துவிட்டிருக்கும். சிற்றலைகளை வளைத்துத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்துக்குச் சூரியனே எஜமான் என்பதால், காலையில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும், பிற்பகலிலிருந்து ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும், இரவில் 40, 80 மீட்டர் அலைகளும் என்று நாளே ஒரு கால அட்டவணை ஆகிவிடும். “என்னங்க, காபி ஆறிப்போச்சு” என்று அம்மா குரல் கொடுக்க, “இரும்மா, பிரேசில் கூப்பிடுது” என்று அய்யா கையமர்த்தும் காட்சியும் உண்டு. மைக்கில் அம்மா உட்கார்ந்துவிட்டால் காபி போடுவது அய்யா பாடு!

இதற்கு ஆடம்பரம் தேவையில்லை. 100 வாட் செட் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று. 20 மீட்டர் அலைக்கான சாதாரண ஆன்டெனா இரு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் கம்பி, அவ்வளவுதான். அதைக் கட்ட இரண்டு தென்னை மரம் போதும். கவனிக்க வேண்டியவை இரண்டு. கடற்காற்றின் உப்பு கம்பி இணைப்புகளை அரித்துவிடும். அக்டோபர், நவம்பரில் இடி மின்னல் வந்தால் புள்ளி போனால் போகட்டும் என்று ஆன்டெனா வயரைக் கழற்றிவிட வேண்டும்.

ஒரு கண்டிப்பான விதியையும் சொல்ல வேண்டும். அழைப்புக் குறியில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினாலும் அந்தத் தொடர்பு ரத்தாகும். அதற்கு மேல் தண்டனைப் புள்ளியும் கழிக்கப்படும். ‘சின்ன எழுத்துப் பிழைக்கு இத்தனை கடுமையா?’ என்று தோன்றலாம். அதற்கான விடை 2004 டிசம்பரில் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில், பாரதி பிரசாத் என்ற இல்லத்தரசியின் தலைமையில் ஒரு குழு அரசின் சிறப்பு அனுமதி பெற்று போர்ட் பிளேர் சென்றது. 2004 டிசம்பர் 3 அன்று ஒரு ஹோட்டலிலிருந்து நிலையம் இயங்கத் தொடங்கியது. பாரதியின் குறி வி.யு.4.ஆர்.பி.ஐ. 17 ஆண்டு காத்திருந்த உலகம் சும்மா இருக்குமா? ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் கூப்பிடும் இரைச்சலில், மூன்று வாரத்தில் 30,000-க்கும் மேற்பட்ட தொடர்புகள் பதிவாயின.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் 6.29 மணி. சுமத்ராவுக்கு அருகே 9-க்கும் மேற்பட்ட அளவிலான நிலநடுக்கம். பிறகு ஆழிப்பேரலை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளமே சிதைந்தது. தென்கோடியில் உள்ள இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கடலுக்குள் போனது. போர்ட் பிளேரில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. புள்ளிக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் இயங்கிய அந்த நிலையம் அன்றே அவசரகால நிலையமாக மாறியது. பாரதியும் தோழர்களும் நிர்வாகத்தோடு சேர்ந்து பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். குழுவைச் சேர்ந்தவர்கள் கார் நிக்கோபாருக்கும் சென்று அங்கிருந்து போர்ட் பிளேருக்கு வானொலி இணைப்புக் கொடுத்தார்கள். யார் உயிரோடு இருக்கிறார், யார் எந்த முகாமில் இருக்கிறார் என்ற செய்திகள் பெயர் பெயராக, எழுத்து எழுத்தாகக் கடல் கடந்தன.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தீவுகளில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளில் கட்சாலும் ஒன்று. இப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து வரும் பட்டியலில் ‘முருகன்’ என்பதும் ‘முருகையன்’ என்பதும் மாறிப்போனால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் பொய்யான நிம்மதி, இன்னொரு வீட்டில் காரணமில்லாத ஒப்பாரி. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, தூக்கம் கெட்டாலும் எழுத்துப் பிசகாமல் எழுதுவது எல்லாம் போட்டி கற்றுக்கொடுத்த பழக்கங்கள். விளையாட்டுக்குப் போட்ட அந்தக் கடுமையான விதியின் அருமை இப்போது விளங்குமே.

இன்றைய நிலை

2004-க்குப் பிறகு தீவுகளின் கதவு திறந்தது. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் ஹாம்கள் கூடிய பெருநிகழ்ச்சி நடந்தது. 2007-இல் ஹைதராபாதில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தீவுகளுக்குச் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிளும் வந்துவிட்டது. எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் கேபிளுக்குக் கரையில் நிலையம் வேண்டும், செல்போனுக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பெரும் பேரிடரில் முதலில் சாய்வது இவைதான். ஹாமுக்கு வேண்டியது பேட்டரி, கம்பி, பழகிய காது. முதல் இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம்; மூன்றாவதை வாங்க முடியாது, பழகித்தான் வர வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவதுதான் வருஷா வருஷம் நடக்கும் இந்தப் போட்டி.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் இதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளலாம். நமது சங்கங்களில் பாட்டு வகுப்பு, தமிழ் வகுப்பு நடத்துவது போல, உள்ளூர் ஹாம் ஒருவரை அழைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்தினால், அடுத்த ஆண்டுக்குள் நாலைந்து பேராவது உரிமத் தேர்வு எழுதலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. ஒருவர் களைத்தால் இன்னொருவர் மைக்கை வாங்கிக்கொள்ளலாம். அது போட்டிக்கு மட்டுமல்ல, ஆபத்துக்கும் உதவும்.

“இன்னும் எதுக்கு சார் இந்த வயர்லெஸ் பெட்டி?” என்று அடுத்த முறை யாராவது கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள். அது போதும்.